மீனாம்பிகை மாமியின் நாலு வருட மகமை

“கொடுக்காத காசை நீ எப்படிக் கண்டாய்?”

யாழ்ப்பாணக் கோட்டில், சாட்சிக் கூட்டுக்குள் நின்ற என்னிடம் இப்படிக் கேட்டார்கள். 1940ஆம் ஆண்டு மாசி மாதம். எனக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. எதிர்ப்பக்கத்துக்கு வழக்குப் பேசிய பிரக்கிராசியார் ஆங்கிலத்தில் கேட்டதைக் கோட்டு முதலியார் தமிழில் திருப்பிச் சொன்னார். இரண்டு பாஷையிலும் கேள்வி எனக்கு விளங்கியது. ஒரு பாஷையிலும் பதில் வரவில்லை. பின் வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மீனாம்பிகை மாமி சிரிக்கவில்லை. அவருடைய எட்டுப் பரப்புத் தோட்டமும் கிணறும் என்னுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை, மாமிக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

மீனாம்பிகை மாமி எனக்குச் சொந்த மாமி இல்லை. புத்தூரில் எங்கள் வேலிக்கு அடுத்த வேலி அவருடையது. பிறந்தது அளவெட்டியில். புத்தூருக்கு அவரைக் கலியாணம் பேசிக் கொண்டுவந்தவர் பொன்னம்பலத்தார், மாமியின் பெரியதாயின் மகன். கலியாணம் நடந்து ஒன்பதாம் வருடம் புருசன் நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனார். மாமிக்கு மிஞ்சியது பாலேஸ்வரி என்ற ஒரு பெண்பிள்ளையும், புருசனின் தோட்டமும், அதில் ஒரு அரைக் கிணறும்.

அரைக் கிணறு என்றது பகிடிக்கு இல்லை. மாரி முடிந்து சித்திரை வருமுன்னம் அதில் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அடியில் கல். கல்லை வெடி வைத்து உடைத்தால்தான் ஊற்று வரும் என்று எல்லாருக்கும் தெரியும். வெடி வைக்கக் காசு வேண்டும். புகையிலைக்குத் தண்ணீர் குறைந்தால் இலை தடிக்காது. இலை தடிக்காவிட்டால் காசு வராது. மாமி இரண்டு வருடம் இப்படியே ஓடினார். கிணற்றில் இறைக்கத் துலா மிதிக்கிற ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாமல், ஒருநாள் தானே துலாவில் ஏறிவிட்டார். வரம்பால் போன ஆண்கள் நின்று பார்த்தார்கள்.

“உதென்ன, பொம்பிளை துலா மிதிக்கிறாள். இனி மழை பெய்யுமோ?” என்று ஒருவர் கேட்டார்.

மாமி மேலே நின்றபடி, “மழை பெய்தால் நான் ஏன் மிதிக்கிறன்?” என்றார்.

1934ஆம் ஆண்டு ஆனி மாதம் மாமி பொன்னம்பலத்தாரிடம் முந்நூறு ரூபா கடன் வாங்கினார். நூற்றுக்குப் பத்து வட்டி. கடன் நோட்டு எழுதி முத்திரை ஒட்டி மாமி கையெழுத்து வைத்தார். அந்தக் காசில் கிணற்றுக் கல்லை வெடி வைத்து உடைத்தார்கள். மூன்றாவது வெடியில் தண்ணீர் வந்தது. அன்றைக்குப் பொன்னம்பலத்தார் தானே வந்து கிணற்றுக் கட்டில் நின்று எட்டிப் பார்த்து, “தங்கச்சிக்கு இனிக் குறைவில்லை” என்றார். அவர் அதை நல்ல மனதோடு சொன்னார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பொன்னம்பலத்தார் புகையிலை வியாபாரி. எங்கள் தோட்டவெளியில் அரைவாசிப் புகையிலை அவர் கைக்குத்தான் போகும். கடன் கொடுப்பவரும் அவரே. கடன் வாங்கிய ஆட்கள் ஆனி மாதம் பதப்படுத்திய புகையிலையைச் சிப்பம் கட்டி அவரிடம் அனுப்புவார்கள். அவர் விலை சொல்லுவார். அந்த விலை கடனில் கழியும். காசு கைமாறுவதில்லை. ரசீதுத் துண்டும் கைமாறுவதில்லை. கடைசி வருடம் கணக்குச் சரிவந்தால் நோட்டைத் திருப்பித் தருவார், கிழித்துப்போடலாம். இதுதான் வழக்கம். இடையில் ரசீது கேட்பது முகத்துக்கு நேரே “உன்னை நம்பவில்லை” என்று சொல்வது மாதிரி. அதுவும் கலியாணம் பேசி வைத்த அண்ணையிடம் யார் கேட்பார்கள்?

மாமி நாலு வருடம் இப்படிப் புகையிலை கொடுத்தார். முதல் வருடம் தொண்ணூறு ரூபாப் பெறுமதி. பிறகு தொண்ணூற்றைந்து. அதற்கடுத்தது நூறு. கடைசியாக 1938இல் தொண்ணூற்றைந்து. வட்டியும் முதலும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த நாலாம் வருடத்தோடு கடன் தீர்ந்துவிடும். நான் பள்ளிக்கூடக் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நாலு வருடமும் சிப்பங்களை ஏற்றிப் போனது எங்கள் ஐயாவின் வண்டில். ஏற்றிக் கட்டியது நானும் ஐயாவும்.

இங்கே மகமை என்ற ஒன்றையும் சொல்லவேண்டும்.

எங்கள் தோட்டவெளி நடுவில், இலுப்பை மரத்தடியில் வைரவர் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு தகரக் கொட்டிலும் ஒரு சூலமும்தான். புகையிலை வியாபாரிகள் தோட்டக்காரனுக்குக் கைக்காசு எண்ணிக் கொடுக்கும்போது, ரூபாவுக்கு ஒரு சதம் கழித்துவிட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சதம் வைரவருக்கு. அதுதான் மகமை. கடனுக்குக் கழிகிற புகையிலைக்கு மகமை இல்லை, காசு கைமாறவில்லையே. ஆடி மாதம் வைரவருக்குப் படையல் வைக்கும் மடை நடக்கும். அன்றைக்கு வியாபாரிகள் மகமைக் காசைத் தட்டத்தில் வைப்பார்கள். பூசாரியார் நமசிவாயம் ஒவ்வொரு தோட்டக்காரர் பேராகச் சொல்லுவார். வாங்கிய வியாபாரி தட்டத்தைத் தொட்டு, “ஓம், கைக்காசு” என்பார். எல்லாப் பேரும் முடிந்த பின், “இந்த வருசம் வைரவருக்கு என்ரை கையிலை மிச்சமில்லை” என்று சொல்லிக் கும்பிடுவார். இதற்குக் கொப்பி இல்லை, எழுத்து இல்லை. எல்லாம் வாய்ச்சொல்.

1935இல் நடந்த மடையில் மாமியும் நின்றார். எல்லாப் பேரும் வந்தது, மாமியின் பேர் வரவில்லை. புருசன் இருந்த காலத்தில் ஒவ்வொரு வருடமும் வந்த பேர். மாமி பிரசாதம் வாங்கும்போது பொன்னம்பலத்தாரிடம் கேட்டார்.

“அண்ணை, என்ரை தோட்டத்துப் பேர் வரேல்லையே?”

“கைக்காசு தந்தாத்தானே பிள்ளை மகமை. உன்ரை புகையிலை கடனுக்கெல்லோ கழியுது. கடன் முடியட்டும், உன்ரை பேரைத்தான் முதல் சொல்லுவிப்பன்.”

மாமி சரி என்று போய்விட்டார். நாலு மடை வந்து போனது. நாலிலும் மாமியின் பேர் சொல்லப்படவில்லை.

1938 ஆனியில் கடைசிச் சிப்பம் போன பின் மாமி நோட்டைக் கேட்டார். பெட்டகத்தில் எங்கோ கிடக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்றார் பொன்னம்பலத்தார். தீபாவளிக்குப் பிறகு என்றார். தைப்பொங்கலுக்குப் பிறகு என்றார். அதற்குள் அவருடைய மகள் குணலட்சுமிக்குச் சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாகத் தோட்டக்காணி கேட்டார்கள், தண்ணீர் வற்றாத கிணற்றோடு. பொன்னம்பலத்தாரின் காணியில் கிணறு உவர். பக்கத்துக் காணி மாமியுடையது.

1939 ஆனியில் அவர் வழக்கம்போலப் புகையிலைக்கு ஆள் அனுப்பினார். கடன் தீர்ந்துவிட்டது, இனிக் கைக்காசு தந்தால்தான் சிப்பம் ஏறும் என்று மாமி சொல்லி அனுப்பினார். மூன்றாம் கிழமை கோட்டிலிருந்து கட்டளை வந்தது. முதல் முந்நூறு, ஐந்து வருட வட்டி நூற்றைம்பது, எல்லாமாக நானூற்றைம்பது ரூபாவும் செலவும் கேட்டு வழக்கு. நாலு வருடமும் தந்த புகையிலையைப் பற்றி அவர் சொன்னது ஒரே சொல்தான். அது வியாபாரம், கைக்காசு கொடுத்து வாங்கினேன், கடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாமி தோற்றால் தோட்டம் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் அதை யார் எடுப்பார் என்று ஊருக்கே தெரியும்.

சாட்சிக்கு மாமி முதலில் கேட்டது எங்கள் ஐயாவை. ஐயாவின் பேர் இளையதம்பி. ஐயா வண்டிலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“நானும் அந்தாளுக்குக் கடன்காரன் மீனாம்பிகை. ரண்டு வருசமாய் என்ரை புகையிலையும் அங்கைதான் கழியுது. நான் கூட்டிலை ஏறினால் நாளைக்கு என்ரை நோட்டும் கோட்டுக்குப் போகும்.”

மாமி திரும்பி நடந்தார். படலைக்குப் போனவரின் பின்னால் நான் போனேன்.

“நான் வாறன் மாமி. நானும்தானே ஏத்தினனான்.”

“உன்ரை ஐயா ஏசுவார்.”

“ஏசட்டும்.”

ஐயா ஏசவில்லை. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

கோட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சிப்பங்களை எண்ணினாயோ என்று கேட்டார்கள். எண்ணினேன், முதல் வருடம் இருபத்திரண்டு என்றேன். காசை எண்ணினாயோ என்றார்கள். காசு கொடுக்கவேயில்லை என்றேன். சிப்பங்களை இறக்கினபின் நீயும் வண்டிலோடு போய்விட்டாயா? ஓம். அன்றைக்குப் பின்னேரம் இவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாரோ இல்லையோ உனக்குத் தெரியுமோ? தெரியாது. அடுத்த நாள்? தெரியாது. அப்படியென்றால் கொடுக்காத காசை நீ எப்படிக் கண்டாய்?

கூட்டை விட்டு இறங்கும்போது காலில் செருப்பு இல்லாததை அன்றைக்குத்தான் முதல்முதல் உணர்ந்தேன்.

வழக்கு மத்தியானத்துக்கு நிறுத்தப்பட்டது. வெளியே வாகை மரத்தின் கீழ் எங்கள் பக்கத்துப் பிரக்கிராசியார் வந்தார். நேர்மையான மனிதர், ஆனால் அவசரக்காரர்.

“அம்மா, நோட்டிலை உங்கடை கையெழுத்து இருக்கு. கழிச்சதுக்கு ஒரு துண்டும் இல்லை. பொடியன்ரை சாட்சி நிக்காது. தவணைக்குக் காசு கட்டுறதெண்டு கேட்டுப் பாப்பம்.”

மாமி அப்போதுதான் மகமையைப் பற்றிச் சொன்னார். நாலு மடையில் தன் பேர் வராததை, பொன்னம்பலத்தார் சொன்ன காரணத்தை, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். நான் தேடிய பதில் அதுதான். கொடுத்த காசுக்கு ஒரு சதம் வைரவருக்குப் போயிருக்கும். போகவில்லை. ஆகவே கொடுக்கவில்லை.

பிரக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மகமைக் கொப்பி இருக்கோ?”

“இல்லை.”

“பூசாரி வந்து சாட்சி சொல்லுவாரோ?”

“கோயிலுக்கு எண்ணெய் குடுக்கிறது அண்ணை. பூசாரியார் வரார்.”

“அப்ப இது எடுபடாது அம்மா. கோயிலிலை பேர் சொல்லேல்லை எண்டதை வைச்சு நான் நீதிபதிக்கு என்னத்தைச் சொல்லுறது?”

மாமி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினார். “சத்தியத்துக்கு விடலாம்தானே?” என்று கேட்டார்.

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு பக்கத்தார், “எதிரி கோயிலில் சத்தியம் செய்தால் நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். எதிரி சம்மதித்துச் சத்தியம் செய்தால் வழக்கு அவருக்கு. சம்மதித்த பின் செய்யாவிட்டால் மற்றவருக்கு. பிரக்கிராசியார் பதறிப்போனார்.

“உது நெருப்பு. அந்தாள் சத்தியம் செய்தால் அதோடை முடிஞ்சுது. மேல்கோட்டுக்கும் போகேலாது. பொய்ச் சத்தியம் எண்டு பிறகு அழுது பிரயோசனமில்லை. எத்தினை பேரைக் கண்டிட்டன். சாமிக்குப் பயப்பிடுவினம் எண்டு நம்பிக் காணியை விட்டவை.”

“இப்பவும் போகத்தானே போகுது” என்றார் மாமி.

மத்தியானத்துக்குப் பின் அதை எழுப்பினார்கள். நீதிபதி பொன்னம்பலத்தாரைப் பார்த்தார். பொன்னம்பலத்தார் எழுந்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோடு முழுக்கக் கேட்க, “எந்தக் கோயிலெண்டாலும் செய்வன்” என்றார். முதலியார் அதை ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி எழுதினார். பிறகு எந்தக் கோயில் என்று மாமியிடம் கேட்டார்கள். நல்லூர் என்றோ மாவிட்டபுரம் என்றோ சொல்லுவார் என்று எல்லாரும் இருந்தார்கள்.

“எங்கடை தோட்டவெளி வைரவர்.”

பின் வாங்கில் யாரோ, “பெரிய சாமி பொறுத்தாலும் வைரவர் பொறார்” என்று முணுமுணுத்தார். மாமி வைரவரைத் தெரிந்தெடுத்தது அதற்காக என்று அவர்கள் நினைத்தார்கள். பொன்னம்பலத்தார் அப்படி நினைக்கவில்லை. அவருடைய கை சால்வை முடிச்சை அவிழ்த்து, திரும்பவும் கட்டி, திரும்பவும் அவிழ்த்தது. ஆனால் எந்தக் கோயில் என்றாலும் என்று சொல்லியாகிவிட்டது. எழுதியும் ஆகிவிட்டது.

பத்து நாள் தவணை. அந்தப் பத்து நாளும் மாமி தோட்டத்தை விட்டு அசையவில்லை. புகையிலை முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது. கண்டுக்குக் கண்டு குனிந்து, இலையிடுக்கில் வெடித்த கெட்டுகளைக் கிள்ளினார். அந்தப் பயிரை வெட்டும்போது தோட்டம் யாருடையது என்று தெரியாத நிலையில் ஒருவர் எப்படி இவ்வளவு கவனமாகக் கெட்டுக் கிள்ளுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அந்தப் பத்து நாளும் ஒரு வேலையும் செய்யாமல் வேலிக்கும் படலைக்குமாக நடந்தேன்.

நாலாம் நாள் பூசாரியார் எங்கள் வீட்டுக்கு வந்து ஐயாவிடம் வெற்றிலை வாங்கிப் போட்டார்.

“பொன்னம்பலத்தார் வந்தவர்” என்றார். “கொட்டிலை இடிச்சுப்போட்டுச் சீமெந்திலை கட்டித் தாறாராம்.”

“அதுக்கு நீர் என்ன செய்யவேணுமாம்?” என்று ஐயா கேட்டார்.

“ஒண்டும் செய்யவேண்டாமாம். சத்தியத்தண்டைக்குக் கற்பூரத்தைக் கொளுத்திப்போட்டு வாயை மூடிக்கொண்டு நிக்கட்டாம்.”

“நிப்பீரோ?”

பூசாரியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “நான் கூலிக்குக் கொத்துறவன் இளையதம்பி. சீமெந்துக் கோயில் எனக்குக் கனவிலையும் வராது” என்றார். நிற்பேன் என்றாரா மாட்டேன் என்றாரா என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் பொன்னம்பலத்தாரே மாமியின் தோட்டத்துக்கு வந்தார். நான் எங்கள் பக்கத்து வேலியோடு ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் கண்டும் காணாத மாதிரி நின்றார்.

“தங்கச்சி, நான் சத்தியம் செய்வன். செய்யமாட்டன் எண்டு நினையாதை. எனக்கும் கட்டிக்குடுக்க ஒரு குமர் இருக்கு. கிணத்திலையும் நாலு பரப்பிலையும் கையெழுத்தைப் போடு. மிச்சம் உன்னட்டை இருக்கட்டும்.”

மாமி கிள்ளிய கெட்டைக் கீழே போட்டார்.

“கிணறு இல்லாத நாலு பரப்பிலை நான் என்னத்தை அண்ணை நடுறது? கள்ளியோ?”

“அப்ப முழுதும் போகும்.”

“போனால் உங்களுக்குத்தானே போகுது. குணலட்சுமி நல்லாயிருக்கட்டும்.”

அவர் கிணற்றை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அவர் போன பின் மாமி நிலத்தில் இருந்துவிட்டதை நான் கண்டேன். பாலேஸ்வரி தண்ணீர் கொண்டு ஓடினாள்.

சத்தியத்துக்குக் குறித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. கோட்டிலிருந்து முதலியார் வந்தார், கையில் கடதாசியும் சட்டைப்பையில் மணிக்கூடுமாக. இலுப்பை மரத்தடியில் அறுபது பேருக்குக் குறையாது. அவர்களில் அரைவாசிப் பேர் பொன்னம்பலத்தாரின் கடன்காரர்கள். ஐயாவும் வந்து ஒரு ஓரமாக நின்றார். தகரக் கொட்டிலில் இலுப்பைப் பூ விழும் சத்தம் கேட்டது.

பொன்னம்பலத்தார் தலை முழுகி, ஈர வேட்டியோடு, திருநீறு பூசி வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் நடை தளரவில்லை. அவர் செய்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் எனக்குக் கேட்க, “செய்யப் போறான்” என்றார்.

முதலியார் கடதாசியை வாசித்தார். “முப்பத்தைந்தாம் ஆண்டு தொடங்கி முப்பத்தெட்டாம் ஆண்டு வரைக்கும் நாலு வருடமும் மீனாம்பிகையிடம் நான் வாங்கிய புகையிலைக்குக் கைக்காசு கொடுத்தேன். அதில் ஒரு சதமும் கடனில் கழிக்கவில்லை. இதைச் சொல்லிக் கற்பூரத்தை அணைக்கவேண்டும். விளங்கிச்சுதோ?”

“ஓம்” என்றார் பொன்னம்பலத்தார்.

பூசாரியார் சூலத்துக்கு முன் தட்டத்தை வைத்துக் கற்பூரக் கட்டியைக் கொளுத்தினார். வாயை மூடிக்கொண்டு பின்னுக்கு நகர்ந்தார். பொன்னம்பலத்தார் ஒரு அடி முன்னுக்கு வைத்தார்.

“அண்ணை” என்றார் மாமி.

முதலியார் உடனே கையைக் காட்டினார். “இங்கை கேள்வி கேக்கேலாது அம்மா. கேக்கிறதெல்லாம் கோட்டிலை கேட்டாச்சு.”

“நான் கேள்வி கேக்கேல்லை ஐயா. வைரவருக்குக் குடுக்கவேண்டியதைக் குடுக்கிறன்.”

மாமி சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். சில்லறைக் காசுகள். முன்னமே எண்ணிக் கட்டியிருந்தார். அதைத் தட்டத்தின் ஒரு கரையில், கற்பூரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மூண்டு ரூபா எண்பது சதம். நாலு வருச மகமை, முதல் வருசத்துத் தொண்ணூறு ரூபாவிலையிருந்து. அண்ணை கைக்காசு தந்ததெண்டு சொல்லப் போறார். தந்ததெண்டால் இது வைரவருக்குச் சேரவேணும். அண்ணை வைக்க மறந்திட்டார் போலை. நான் வைக்கிறன். பூசாரியார், என்ரை பேரைச் சொல்லுங்கோ.”

பூசாரியார் முதலில் பொன்னம்பலத்தாரைப் பார்த்தார். பிறகு தகரக் கொட்டிலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மடையில் சொல்வது போலவே, ஒரே இழுவையாகச் சொன்னார்.

“மீனாம்பிகை தோட்டம். முப்பத்தைந்தாம் வருசம். தொண்ணூறு ரூபா. வாங்கினது பொன்னம்பலத்தார்.”

இனி அவர் தட்டத்தைத் தொட்டு “ஓம், கைக்காசு” என்று சொல்லவேண்டும். நாலு வருடத்துக்கும் நாலு தரம். அப்படிச் சொன்னால், அதே இடத்தில், அதே சூலத்துக்கு முன்னால், நாலு மடையிலும் “என்ரை கையிலை மிச்சமில்லை” என்று அவர் கும்பிட்டது பொய்யாகும். அந்த நாலையும் கேட்டவர்கள்தான் அங்கே நின்றார்கள்.

“முதலியார் ஐயா, இது கோட்டுக் கட்டளையிலை இல்லை” என்றார் பொன்னம்பலத்தார்.

முதலியார் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். “இல்லைத்தான். கோயில் விசயத்திலை நான் தலையிடேலாது. நீர் சத்தியத்தைச் செய்யும்.”

பொன்னம்பலத்தார் கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டினார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது ஐயாவின் குரல் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. அவ்வளவு உரக்க அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

“பொன்னம்பலத்தார், ஒண்டைச் சொல்லிப்போட்டுச் செய்யும். ரண்டு வருசமாய் உமக்குத் தந்த என்ரை புகையிலை, அதுவும் கைக்காசோ?”

“கேள்வி கேக்கக்கூடாது” என்றார் முதலியார்.

“நான் அவரைத்தான் கேக்கிறன், கோட்டைக் கேக்கேல்லை. என்ரை பேரும் மடையிலை வரேல்லை.”

“என்ரையும்” என்றது இன்னொரு குரல். “எங்கடையும் வரேல்லை.” யார் யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கண் அந்தக் கையிலேயே இருந்தது. அந்த அறுபது பேரும் ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீனாம்பிகையின் புகையிலை கைக்காசு என்றால், நாளைக்குத் தங்களுடையதும் கைக்காசு. தங்கள் நோட்டும் பெட்டகத்தில்தான் கிடக்கிறது. இந்தக் கை இன்றைக்குக் கற்பூரத்தை அணைத்தால், வருகிற ஆனியில் ஒரு சிப்பமும் அந்த வீட்டுக்குப் போகாது.

பொன்னம்பலத்தாருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். அவர் பயந்தது வைரவருக்கோ அந்த அறுபது பேருக்கோ, என்னால் சொல்ல முடியாது. கை சுடரின் மேல் நின்றது. உள்ளங்கை சிவந்தது. கற்பூரம் சின்னக் கட்டி, அடிவரைக்கும் எரிந்துவிட்டது.

“மணி ஒன்பதே கால்” என்றார் முதலியார். “செய்யிறீரோ, இல்லையோ?”

பொன்னம்பலத்தார் கையை எடுத்தார். சால்வையால் உள்ளங்கையைத் துடைத்தார்.

“செய்யேல்லை. எழுதுங்கோ.”

அவர் போக வழி விட்டார்கள். ஒருவரும் அவரை ஏசவில்லை, சிரிக்கவுமில்லை. மாமியைக் கடக்கும்போது அவர் தலையை நிமிர்த்தாமல், “கையெழுத்து வைச்ச நோட்டுக்கு நீ நாலு தரம் துண்டு கேட்டிருக்கவேணும் பிள்ளை” என்றார். குத்தலாகச் சொன்னாரா, வேறு எப்படியும் சொன்னாரா என்று மாமியிடம் பிறகு கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார்.

பூசாரியார் தட்டத்திலிருந்த மூன்று ரூபா எண்பது சதத்தையும் எடுத்து மாமியிடம் திருப்பிக் கொடுத்தார். “கைக்காசு இல்லையெண்டால் மகமையும் இல்லை. இது வைரவருக்கு ஆகாது” என்றார். மாமி ஒன்றுக்கு இரண்டு தரம் எண்ணி முடிந்துகொண்டார். பிறகு வெயில் ஏறுமுன் தண்ணீர் கட்டவேண்டும் என்று தோட்டத்துக்குப் போனார்.

அடுத்த தவணையில் வழக்கு தள்ளப்பட்டது. நோட்டில் குறுக்கே கோடு கீறி மாமியிடம் கொடுத்தார்கள். குணலட்சுமியின் சம்பந்தம் குழம்பவில்லை. பொன்னம்பலத்தார் வேறு காணியை ஈடு வைத்துச் சீதனம் கொடுத்தார். கோயில் இன்னும் தகரக் கொட்டில்தான்.

மாமிக்கு எல்லாம் நன்மையாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். பிரக்கிராசியாருக்குக் கொடுக்கக் காதுத் தோட்டை விற்றிருந்தார், அது திரும்பி வரவில்லை. அந்த வருடம் ஊர் வியாபாரிகள் ஒருவரும் அவருடைய புகையிலையைத் தொடவில்லை. கோட்டுக்குப் போன பெண் என்றார்கள். ஐயா வண்டிலைக் கட்டினார். நானும் ஏறினேன். சிப்பங்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோய், முகம் தெரியாத ஒரு வியாபாரிக்கு எழுபத்திரண்டு ரூபாவுக்கு விற்றோம். ஆனால் கைக்காசு. மாமி அதில் எழுபத்திரண்டு சதத்தை எண்ணி வேறாகக் கட்டினார். திரும்பும் வழியில் சுன்னாகத்தில் வண்டிலை நிறுத்தச் சொல்லி ஒரு கொப்பி வாங்கினார். இப்போது யார் அவருடைய தோட்டத்திலிருந்து எதை எடுத்தாலும், எதற்காக எடுக்கிறேன் என்று அதில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். ஐயாவும் வைக்கிறார். வண்டில் கூலி வாங்கும்போது, “நான் என்ன கள்ளனோ?” என்று முணுமுணுத்துக்கொண்டு வைக்கிறார்.

அந்த ஆடி மடையில் மாமி தானே காசை வைத்தார். பூசாரியார் மாமியின் பேரை முதலாவதாகச் சொன்னார்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் தோட்டவெளியில் இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். நோட்டில் கையெழுத்து வைத்துவிட்டு, நம்பிக்கையில் புகையிலையும் வெங்காயமும் கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள் நூறு பேர். எல்லார் ஊரிலும் மகமை இருக்காது. கடனுக்குக் கழிக்கிற பொருளுக்கு அன்றைக்கே ஒரு துண்டு வாங்கச் சொல்லுங்கள், கடன் கொடுத்தது சொந்த அண்ணை என்றாலும். வெறுமனே சொன்னால் கேட்கமாட்டார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். மீனாம்பிகை மாமியின் கதையைச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து வேலியில் இருக்கிறவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.